நடுரோட்டில் ஒரு வகுப்பு

“முதல்ல ஸ்கூட்டரை ஆஃப் பண்ணுங்க,” என்று அதட்டினார் முதலுதவிப் பயிற்சியாளர். விபத்து நடந்த வளைவுக்கு முதல் ஆளாக வந்துசேர்ந்த தபால்காரர், தோள்பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய் நிறுத்தினார்.

“ஆம்புலன்ஸ்?”

“சொல்லிட்டேன் சார். குடிக்கத் தண்ணி கொடுக்கலாமா?”

“கூடவே கூடாது. தூக்கி உட்கார வைக்கவும் கூடாது. முதுகெலும்பு என்ன கதியில இருக்கோ. இருநூறு வகுப்பு எடுத்தவன் சொல்றேன். கால்ல ரத்தம் போகுது பாருங்க, துணியை வெச்சு அழுத்துங்க.”

தபால்காரர் தன் துண்டை மடித்து அழுத்திப் பிடித்தார். ரத்தம் மட்டுப்பட்டது.

“அடுத்து என்ன செய்யணும்? தெரியாதா? மயக்கம் போட்டுடாம இருக்க, அடிபட்டவர்கிட்ட பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும்.”

“அதுக்கு நீங்க எங்க சார் இடம் விடுறீங்க?” என்றார் தபால்காரர், நடுரோட்டில் மல்லாந்து கிடந்தபடி ஒற்றை விரலை உயர்த்தியிருந்த பயிற்சியாளரிடம்.