ஐம்பத்தைந்து நிமிஷம்

சக்கர நாற்காலி கேட்டிருந்தவரைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்பது வயசு இருக்கும். கடப்பாரையை வளைக்கிற கை. தொழிலே கொத்து வேலையாம். காலில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தச் சின்ன விமான நிலையத்தில் இருந்ததே நாலு நாற்காலி. ஆறு வருஷமாக அதைத் தள்ளித்தான் அவள் பிழைக்கிறாள். வரிசையில் நிற்க உடம்பு வணங்காமல் திடீரென்று முட்டியைப் பிடித்துக்கொள்கிறவர்களின் சங்கதியெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போகிற வழியில் கொத்தனாரே சொன்னார். மகள் வேலை பார்க்கிற ஊரில் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். அப்பா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். மலையைச் சுற்றி பஸ்ஸில் போனால் ஒன்பது மணி நேரம். மலைக்கு மேலே பறந்தால் ஐம்பத்தைந்து நிமிஷம்.

"எப்பாடு பட்டாவது இதுல ஏறிடணும்மா," என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

சோதனை போடும் இடத்தில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கொத்தனார் விருட்டென்று எழுந்தார். முன்னால் நின்ற அம்மாளின் கனத்த பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி மேடையில் வைத்தார். சோதனை முடிந்ததும் சமர்த்தாக மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வரிசையே சிரித்தது. கொடுத்துவைத்த கால் என்றார் ஒருவர். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். அதே விமானத்துக்குத்தான். அவருக்கு இன்னும் நாற்காலி கிடைக்கவில்லை.

அவள் பொறுத்தது போதும் என்று வண்டியை நிறுத்தினாள்.

"அண்ணே, அவரைப் பாருங்க. மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா இறங்குங்க. எந்த கேட்டுன்னு பலகையில போட்டிருக்கும், பார்த்து நடந்து போங்க."

கொத்தனார் இறங்கிப் போய்ப் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தார். ஆனால் நகரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தள்ளுறேன். நீ முன்னால போம்மா."

தள்ளுவது தன் வேலை, கேட் மூட இருபது நிமிஷம்கூட இல்லை, போய்ச் சேருகிற வழியைப் பாருங்கள் என்று அவள் கறாராகச் சொன்னாள். அவர் பிடியை விடவில்லை. பெரியவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வருஷம் எங்கண்ணன் சாகக் கிடந்தப்பவும் இங்கதான் வந்தேன். கேட்டை மாத்திட்டதாப் பலகையில போட்டிருந்தாங்களாம். நான் பழைய கேட்லயே உட்கார்ந்திருந்தேன். ஃப்ளைட் போயிடுச்சு. கடைசியா ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கல."

அவளுக்கு என்னவோ போலிருந்தது. "யாரையாவது கேட்டிருக்கலாமே, அண்ணே?"

"கேட்டேன். படிக்கத் தெரியாதுன்னா கையைக் காட்டி அனுப்பிடுறாங்கம்மா. நடக்க முடியாதுன்னாத்தான் கூடவே வர்றாங்க."