விலத்திப் போற கறண்ட்

“மூண்டாம் கிழமையும் படந்தான் பாக்கிறியளோ, பிள்ளை?”

சிவலட்சுமியின் குரல் கிளிநொச்சியின் அந்தச் சின்ன சிகிச்சை நிலையம் முழுக்கக் கேட்டது.

“இவருக்குப் பிறகு வந்த ரெண்டு பேர் காலில ஒட்டி, கறண்ட் குடுத்து, நடந்து போயிட்டினம். நாங்கள் முரசுமோட்டையில இருந்து பஸ் ஏறி வாறது உங்கட கொம்பியூட்டரைப் பாக்கவோ?”

பொறியியல் ஆராய்ச்சி மாணவி சுதாஜினி திரையிலிருந்து திரும்பினாள்.

“இன்னும் ஒரு கிழமை தாங்கோ, அம்மா.”

“உங்களுக்கென்ன! வயலுக்கு இறங்கேலாமல் கிடக்கிறது இவரெல்லோ!”

சிவலட்சுமி தேத்தண்ணி வாங்க வெளியே போய்விட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவர் நல்லதம்பிக்கு வலது பாதம் நிமிராது. நடக்கையில் பெருவிரல் நிலத்தில் இழுபடும். முழங்காலுக்குக் கீழே இரண்டு மின்முனைகளை ஒட்டி நரம்பைத் தூண்டினால் பாதம் எழும்பும். மற்றவர்களுக்கு அது பத்து நிமிட வேலை.

“என்னால நீங்கள் ஏச்சு வாங்கிறியள், பிள்ளை,” என்றார் நல்லதம்பி.

“உண்மையைச் சொல்லிப் போடுங்கோவன், ஐயா.”

“வேண்டாம். கடைசிச் சண்டையில செல் குண்டு விழேக்க, அவவுக்கு மேல படுத்து மூடினனான். என்ர காலில ஏறின இரும்புத் துண்டைக் கழட்டியாச்செண்டு பொய் சொல்லி வச்சிருக்கிறன். இன்னும் உள்ள கிடக்குதெண்டு தெரிஞ்சால், தன்னாலதான் எண்டு அழுதே முடிஞ்சுபோவா.”

திரையில் அவருடைய கால் இருந்தது. தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று ஸ்கானைப் பார்த்துப் பார்த்து சுதாஜினி கட்டிய கால். நரம்புக்குப் பக்கத்தில் மிளகளவு இரும்பு.

வழக்கமான இடத்தில் மின்முனையை வைத்துக் கணக்கிட்டால், அந்த இரும்பைச் சுற்றி மின்சாரம் குவிந்து, சூடேறும் இடமென்று திரையில் சிவப்பாக எரிந்தது. அரை விரல் தள்ளி வைத்தாள். அப்போதும் சிவப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

அறுபத்திரண்டாவது தடவை சிவப்பு மறைந்தது.

அடுத்த கிழமை, திரை காட்டிய இடங்களில் மின்முனைகளை ஒட்டினாள்.

“சுடுதோ, ஐயா?”

“இல்லை. எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு.”

இன்னும் கொஞ்சம் கூட்டினாள். பாதம் மெல்ல எழும்பியது.

நல்லதம்பி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். விரல் இழுபடவில்லை. திரும்பவும் நடந்தார். வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்களுக்கு நடந்து காட்டவென்று அப்படியே போய்விட்டார்.

சிவலட்சுமி பின்னால் போகவில்லை. சுதாஜினிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“பிள்ளை, உள்ளுக்குக் கிடக்கிற துண்டு... கறண்ட் பட்டுச் சூடேறாதோ?”

சுதாஜினி திடுக்கிட்டாள். “அம்மா... உங்களுக்குத் தெரியுமோ?”

“அப்பவே தெரியும். அந்தக் காயத்துக்கு மருந்து கட்டினது நானெல்லோ. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறதில அவருக்கொரு நிம்மதி. அது இருக்கட்டும்.”

“பயப்பிடாதேங்கோ. துண்டை விலத்தித்தான் கறண்ட் போகுது,” என்றாள் சுதாஜினி. “எல்லாம் தெரிஞ்சுகொண்டோ என்னை அந்த ஏச்சு ஏசினனீங்கள்?”

சிவலட்சுமி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்தாள்.

“குறை நினையாதேங்கோ, பிள்ளை. நான் ஏசாமல் இருந்திருந்தால், எனக்குத் தெரியுமெண்டு அவர் கண்டுபிடிச்சிருப்பாரெல்லோ!”