துணைக்கு வந்தவர்

“நம்பர் இல்லாத சிப்பாயே கெடையாதுப்பா! பட்டாளத்துல கோவேறு கழுதைக்குக்கூட குளம்புல நம்பர் போடுவோம். உங்கப்பா நம்பர் என்னா?”

சவுரிராயன் மேஜையைத் தட்டினார். ரிட்டையர்டு ஹவில்தார். விழுப்புரத்தில் அந்த முன்னாள் பட்டாளத்தார் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர், அவர்தான் குமாஸ்தா, டீ வாங்கி வருவதும் அவர்தான்.

“தெரியாதுங்க” என்றான் பச்சைமுத்து. நாற்பத்து மூன்று வயசு. இதே கேள்விக்கு நாலாவது தடவையாக இதே பதில்.

“எந்த ரெஜிமென்ட்டு?”

“தெரியாதுங்க.”

“என்னாதான்யா தெரியும் உனக்கு?”

“பேரு சின்னக்கண்ணுங்க. ஊரு பிரம்மதேசம். நாப்பத்திரெண்டுல திண்டிவனத்துல ஆள் எடுத்தப்ப போனாரு. நான் அப்ப அம்மா வயித்துல. எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு கடுதாசி இல்ல. போனவரு போனவருதான்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தப்பா முனகினார். அப்பாவோடு பிறந்த ஒரே தம்பி அவர்.

“இத்த சொல்றதுக்கா மறுபடியும் வந்தோம்? கொல்லையில மல்லாட்டை புடுங்க ஆள் வுட்டுட்டு வந்திருக்கேன். நான் இல்லன்னா பாதி அவனுங்க வாயிக்குத்தான் போவும். ஏந்துருடா, ஒண்ணரை மணி பஸ்ஸு போயிடும்.”

“சும்மா இரு சித்தப்பா. உன்ன யாரு வரச் சொன்னது?”

“தனியா வுட்டா நீ எதுலயாவது கையெழுத்து போட்டுட்டு வருவ. அதான் வர்றேன்.”

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கூப்பிடாமலே வந்து பஸ்ஸில் ஏறிக்கொள்வார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் வெயிலைத் திட்டுவார், கண்டக்டரைத் திட்டுவார், கடைசியில் பச்சைமுத்துவைத் திட்டுவார்.

சவுரிராயன் இப்போது அவர் பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்களும் நாலு தடவ வந்துட்டீங்க. வருகை நோட்டுல ஒரு தடவகூட பேரு எழுதல. சங்கத்துல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்.”

“நான் சும்மா தொணைக்கு வந்தவங்க. அவன் எழுதினது போதாதா?”

“நல்ல தொணை!” என்று தலையில் அடித்துக்கொண்டார் சவுரிராயன்.

பச்சைமுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டான். “சார், கோச்சுக்காதீங்க. அம்மா படுத்த படுக்கையா கெடக்குது. இன்னும் பொட்டு வெச்சுக்கினு, தாலிய கழட்டாம இருக்குது. ஊர்ல, அவன் எவளையோ சேத்துக்கினு ஓடிட்டான்னு நாப்பது வருசமா பேசறானுங்க. செத்தாரா, ஓடினாரா, அத மட்டும் கேட்டுக்கினு வாடா, நான் கண்ண மூடறேன்னு சொல்லுது.”

“செத்துத்தான்டா இருப்பான்” என்றார் சித்தப்பா எரிச்சலோடு. “அண்ணிகிட்ட எத்தினி தடவ சொல்லிட்டேன்!”

“நீ சொன்னா ஆச்சா? எழுத்துல வேணுங்குது அது.”

சவுரிராயன் டிராயரை இழுத்து ஒரு கவரை எடுத்தார். “இங்க பாரு. ரெக்கார்டு ஆபீசுக்கு மூணு தடவ எழுதினேன். மூணு தடவையும் சின்னக்கண்ணுன்னு யாரும் இல்லன்னுட்டான். ஊர் பேரப் போட்டுக் கேக்கலாம்னு போன தடவ சொன்னேன். இந்தப் பெரியவரு, அதெல்லாம் வேணாம், பஸ்ஸு போவுதுன்னு உன்ன இழுத்துக்கினு போயிட்டாரு. உங்க பேஜாரு தாங்காம நானே எழுதிப் போட்டேன். நேத்து பதில் வந்துச்சு.”

சித்தப்பா எழுந்துவிட்டார். “டேய், எனக்குத் தல சுத்துது. வா போலாம்.”

“கொஞ்சம் உக்காரேன் சித்தப்பா!”

சவுரிராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்த வருசம் பிரம்மதேசத்துலேர்ந்து சேந்தது ஒரே ஆளு. ஆனா அது உங்கப்பா இல்ல. நாப்பத்திநாலு ஏப்ரல்ல பர்மா எல்லையில குண்டு பட்டு செத்துட்டாரு. ஊட்டுக்குத் தந்தி போயிருக்குது.”

பச்சைமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. “ஒரே ஆளா? அப்ப எங்கப்பா... நெஜமாவே ஓடிட்டாராங்க?”

“அத நான் எப்படிப்பா சொல்ல?” சவுரிராயன் குரல் இறங்கியது. காகிதத்தில் மேலே படித்தார். “அங்க அடையாளம், வலது புருவத்துக்கு மேல பிறை மாதிரி தழும்பு.”

“எங்கப்பாவுக்கும் அதே எடத்துல இருக்கும்னு அம்மா சொல்லும்ங்க. மாடு முட்டினது. அந்த ஆளு பேரு என்னாங்க?”

“சுப்பராயலு. தகப்பன் பேரு பெரியசாமி.”

பெரியசாமி என்பது பச்சைமுத்துவின் தாத்தா பேர். அவன் மெள்ளத் திரும்பினான்.

சித்தப்பா சுப்பராயலு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பட்டாளத்துக்குப் பேரு குடுத்தது நான்டா. லாரி வந்தன்னிக்குப் பயந்துக்கினு ஒளிஞ்சிட்டேன். ஆள் வரலன்னா தம்பிய ஜெயில்ல போட்டுருவானுங்கன்னு, என் பேரைக் கூப்புட்டப்ப உங்கப்பன் கையத் தூக்கிக்கினு போயி ஏறிட்டான்” என்றார். “நான் செத்துட்டேன்னு வந்த தந்திய, நானேதான் கையெழுத்து போட்டு வாங்கினேன்.”