ஓசி பல்பு

பட்டப்பகல் பத்து மணிக்கு மாணிக்கத்தின் டீக்கடையில் இருநூறு வாட்ஸ் குண்டு பல்பு கண் கூச எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பார்க்கப் பார்க்க குணசேகரனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பல்புதான் மாணிக்கத்தினுடையது. கரண்ட் போவது பக்கத்துக் கடைக்காரனான அவனுடைய ஜெனரேட்டரிலிருந்து.

செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி 'குணா கம்ப்யூட்டர் சென்டர்' ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. சென்டர் என்று பெயரே தவிர, உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் காடு கழனியைப் பார்த்துக்கொண்டு இருடா என்று அப்பா சொன்னதைக் கேட்காமல், டிப்ளமா சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, கொல்லிமலைக்கே கம்ப்யூட்டர் காட்ட வந்தவன் அவன். மலையில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பது மட்டும் அந்த டிப்ளமாவில் இல்லை.

அதனால் முதல் வாரமே ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி, டீக்கடைக்கும் தன் கடைக்கும் நடுச்சந்தில் வைத்தான். வைத்த அன்றே மாணிக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல கம்ப்யூட்டர மட்டும் போட்டீங்கன்னா..."

"எல்லாம் தெரியுமுங்க. இதுக்குன்னே படிச்சவன் நான். நீங்க டீயப் பாருங்க."

மறுநாள் அவரே தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "கரண்ட் போனா கடை இருட்டா இருக்குதுங்க. உங்க மிசின்ல ஒரே ஒரு பல்பு மாட்டிக்கட்டுங்களா?"

மூன்று பக்கமும் திறந்து கிடக்கிற கடையில் என்ன இருட்டோ! "மாட்டித் தொலைங்க" என்றான் குணசேகரன். அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒருத்தர் விடாமல் தன் பெருந்தன்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பல்போடு விட்டாரா மனுஷன்? அடிக்கடி சந்துக்குள் போய், பல்பை ஒரு பார்வை பார்ப்பதும், ஜெனரேட்டரில் எதையோ திருகுவதுமாக இருப்பார்.

"மிசின்ல கை வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"தூசி தொடச்சேனுங்க."

இன்றைக்கு பிளஸ் டூ ரிசல்ட். இத்தனை வருஷமாக கீழே இறங்கி நாமக்கல் போய்த்தான் பார்ப்பார்கள். இந்த வருஷம் குணசேகரன் கடையில் இன்டர்நெட் இருக்கிறது. வாசலில் நாற்பது பேர் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாணிக்கத்தின் மகள் கோகிலாவும் நின்றாள்.

சரியாகப் பத்து மணிக்குக் கரண்ட் போனது. குணசேகரன் ஜெனரேட்டர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான்.

"குணா சார் இருக்கறப்ப நமக்கென்னங்க கவல!" என்றது ஒரு குரல்.

குணசேகரனுக்குச் சட்டை இறுக்கமானது போல இருந்தது.

"அது சரி, பகல்ல எதுக்குங்க அங்க லைட்டு?" என்றது இன்னொரு குரல்.

"நல்லாக் கேளுங்க! ஓசிக் கரண்டுங்க. எட்டு மாசமா எரியுது!" என்றான் குணசேகரன்.

நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு போய் பல்பு ஒயரைப் பிடுங்கிப் போட்டான்.

மாணிக்கம் ஓடி வந்தார். "சாமி, இன்னிக்கு மட்டும் வேண்டாமுங்க! நாளைக்குப் புடுங்கிக்குங்க."

"ஒரு நாள் இருட்டுல டீ ஆத்துங்க."

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

குணசேகரன் நாற்காலியில் உட்காருவதற்குள், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் ஏறி ஏறி இறங்கி உறுமியது. யுபிஎஸ் 'கீ... கீ...' என்று கத்தியது. ஜெனரேட்டர் கரண்ட்டை அது ஏற்கவில்லை, பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். டெலிபோன் லைனில் வருகிற இன்டர்நெட்டோ, கால் பக்கம் காட்டிவிட்டு நின்றிருந்தது.

யுபிஎஸ்ஸைத் தட்டினான். ஒயரை ஆட்டினான். கூட வந்த புத்தகத்தைப் புரட்டினான். சர்டிபிகேட்டைக்கூட ஒரு தடவை பார்த்தான்.

"எழுவது வளைவு எறங்கோணுமாட்ட இருக்குது. பஸ் எத்தன மணிக்குங்க?" என்று கூட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது.

மாணிக்கம் சந்துக்குள் போனார். கீழே கிடந்த ஒயரை எடுத்துச் சொருகினார். பல்பு எரிந்தது. அதைப் பார்த்தபடியே ஜெனரேட்டர் திருகாணியை ஒரு துளி திருப்பினார்.

ஜெனரேட்டரின் உறுமல் சீரானது. யுபிஎஸ் வாயை மூடிக்கொண்டது.

குணசேகரனுக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினான். 'கீ...' சொருகினான். சத்தம் நின்றது. மறுபடி பிடுங்கினான். 'கீ...'

"சார், வெளையாடாதீங்க சார்!" என்று நாற்பது பேரும் கத்தினார்கள்.

ஒயரைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தான். ரிசல்ட் வந்தது. கோகிலா எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு மார்க்.

கூட்டம் கலைந்ததும் குணசேகரன் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அவமானமாகத்தான் இருந்தது.

"எப்படீங்க தெரியும் உங்களுக்கு?"

"பத்து வருசம், திருவிழாவுக்கு மைக் கட்டுற ரேடியோ செட்டுக்காரர்கிட்ட ஜெனரேட்டர் ஓட்டினவனுங்க நான். லோடு பத்தலைன்னா இந்த மிசின் நெலையா ஓடாதுங்க. பல்பும் சேந்து எரிஞ்சா அடங்கி ஓடும். பல்பு வெளிச்சத்தப் பாத்தாலே கரண்ட் கூடுதா கொறையுதான்னும் தெரிஞ்சுபோகும்."

"அப்ப இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

மாணிக்கம் டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தார்.

"சொல்லத்தானுங்க வந்தேன். புத்தி சொன்னா உங்களுக்குக் கோவம் வந்துருது. ஓசி கேட்டா, திட்டிக்கிட்டே குடுத்துடுறீங்க."