சீன மொழியில் ஒரு மன்னிப்பு

எந்தத் தவறு நடந்தாலும் முந்திக்கொண்டு அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வது அவள் வழக்கம்.

பால் பொங்கி வழிந்தாலும், மின்கட்டணம் கட்ட மறந்துபோனாலும், காணாமற்போன சாவி கணவருடைய சட்டைப் பையிலேயே கிடைத்தாலும், "என் தப்புதான், விடுங்க" என்பாள். அத்தோடு வீடு அடங்கிவிடும்.

நாற்பது ஆண்டுகளில் அந்தச் சொல் வாசற்படிபோல வழவழவென்று தேய்ந்திருந்தது. மிதிபடுவது அவளுக்கே தெரிவதில்லை.

பெய்ஜிங்கில், மலைமேல் நிற்கும் பெருஞ்சுவருக்குப் புறப்பட விடுதி வாசலில் நின்ற சுற்றுலாப் பேருந்தில் ஏறும்போதும் அது நாவின் நுனியில் தயாராக இருந்தது.

பேருந்து முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து உடன் வந்த அத்தனை பேரும் அவர்கள் இருவரையே பார்த்தார்கள்.

கடவுச்சீட்டைக் கணவர் தலையணைக்கு அடியில் விட்டுவிட்டார். "பைக்குள்ள வைங்க" என்று இரவே அவர் கையில் கொடுத்தவள் அவள்.

பேருந்துக்குள் கால் வைத்ததும் அவர் உரக்கச் சொன்னார்.

"பாஸ்போர்ட்ட இவதான் எங்கயோ வச்சுத் தொலைச்சுட்டா."

வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் தம்மிடம் மன்னிப்புக் கேட்பதைக் கேட்டே பழகிய காது.

சொல்லிவிட்டு, போய் ஜன்னலோரத்தில் அமர்ந்துகொண்டார். ஊரிலிருந்து புறப்பட்டது முதல் அது அவருடைய இடம்.

வழிகாட்டி ஒரு சீனப் பெண். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, பூங்கோதை என்று தனக்கொரு பெயரும் சூட்டிக்கொண்டவள். அச்சிட்ட புத்தகம் எழுந்து நின்று பேசுவதுபோலப் பேசுவாள். பயணிகளுக்கு நாள்தோறும் சில சீனச் சொற்களைக் கற்றுக்கொடுத்தாள். நீ ஹாவ் என்றால் வணக்கம். ஷியே ஷியே என்றால் நன்றி. துய் பு ச்சீ என்றால் மன்னியுங்கள். அதற்கு மறுமொழி, மெய் குவான்ஷி. பரவாயில்லை.

அவளிடம் ஒரு விதியும் இருந்தது. தாமதமாக வந்தவர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சீனத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றவர்கள் ஒரே குரலில் மெய் குவான்ஷி சொல்ல வேண்டும். அதன் பிறகே பேருந்து நகரும்.

"அம்மா, தாங்கள் தொடங்கலாம்" என்று ஒலிவாங்கியை நீட்டினாள் பூங்கோதை.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"நீ ஹாவ்."

கைதட்டினார்கள்.

"ஷியே ஷியே."

மறுபடியும் கைதட்டல்.

அடுத்த சொல்லும் அவளுக்குத் தெரியும். குளியலறைக் கண்ணாடியின்முன் சொல்லிச் சொல்லிப் பார்த்ததுதான்.

அது உதடுவரை வந்தது. அங்கேயே நின்றது.

இந்த மொழிக்குள் அவள் வந்து சில நாள்தான் ஆகிறது.

இதில் அவள் இன்னும் ஒரு தவறும் செய்யவில்லை.

யார் பழியையும் சுமக்கவில்லை.

புதுப் பாத்திரத்தில் முதன்முதலாகப் பொய்யையா உலை வைப்பது?

"மதினி, ஒரே ஒரு வார்த்தைதான? சொல்லிட்டு வாங்க. பார்சல் இட்லி கல்லாயிரும்போல." பின்வரிசையிலிருந்து ஜவுளிக்கடைக் காளீஸ்வரன்.

"பெருஞ்சுவரு எங்கயும் போயிராது தம்பி. அங்கனயேதான் நிக்கும்."

ஒலிவாங்கி அதையும் பெரிதாக்கிச் சொன்னது. பேருந்து சிரித்தது.

கணவர் சிரிக்கவில்லை.

"ஏய் சௌந்தரம்! சொல்லித் தொலையேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தப்புப் பண்ணவங்க சொல்லட்டுங்க. நான் பண்ணல."

அவள் குரலை அவளே அப்போதுதான் கேட்டாள்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒலிவாங்கியை அவர் இருந்த திசைக்கு நீட்டினாள். நீட்டிய கை இறங்கவில்லை.

பூங்கோதை அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாள். இயந்திரத்தின் உறுமல் நின்றது.

"விதியை மாற்ற இயலாது, ஐயா. காத்திருப்போம்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பழி போட ஆள் இல்லை.

யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு பொட்டலம் சரசரத்தது.

எழுந்தார்.

நடைபாதையில் நீட்டியிருந்த கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே ஒதுங்கின.

ஒலிவாங்கியை ஒரு கையால் வாங்கினார். பிறகு மறு கையையும் சேர்த்துக்கொண்டார்.

"துய்..."

அதற்குமேல் வரவில்லை. இத்தனை நாள் எல்லாரையும்விட உரக்கப் பாடம் ஒப்பித்தவர் அவர்தான்.

வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினார். மறந்துபோன பெயர்களையும் மருந்துகளையும் தேதிகளையும் எடுத்துக் கொடுத்து வந்த முகம் அது.

அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

வெகுநேரம் தேடி, தாமே கண்டெடுத்தார்.

"துய் பு ச்சீ."

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"பாஸ்போர்ட்ட இவ ராத்திரியே எங்கையில குடுத்துட்டா. தலகாணிக்கு அடியில வச்சு மறந்தது நான். இவ மேல பழியப் போட்டதும் நான்தான்."

"மெய் குவான்ஷி!" என்றது பேருந்து, ஒரே குரலில்.

இயந்திரம் உயிர்பெற்றது.

தம் வரிசைக்கு வந்தவர் உள்ளே போகவில்லை. நடைபாதையிலேயே ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

அவள் உள்ளே போய் ஜன்னலோரத்தில் அமர்ந்தாள். திரையை முழுதும் விலக்கினாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தோடு சேர்ந்து அவள் மட்டும் அந்த மறுமொழியைச் சொல்லியிருக்கவில்லை.

தெரிந்த சொல்தான்.

பெருஞ்சுவர் மலை வரட்டும், சொல்லலாம் என்று இருந்தாள்.