மணல் அளக்கும் வகுப்பு

வயல் வட்டையை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் கிடுகுக் கூரை ஓட்டைகளால் வெயில் ஒழுகி, தரையில் குவித்திருக்கும் வாவி மணலில் புள்ளி புள்ளியாக விழுகிறது. குவியலைச் சுற்றி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு சிரட்டை. புத்தகத்தைத் திறந்தாலே தூங்கி விழுகிறவர்கள், நெல் அளக்கிற பாவனையில் மணலை அள்ளச் சொன்ன நாளிலிருந்து மணியடித்தாலும் எழும்புவதில்லை. அந்தப் பெருமையில்தான் ஜோசப்பின் ரீச்சர், பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்து கதிரையில் சாய்ந்திருக்கும் வித்தியாதரிசிக்கு முன்னால் பூரணத்தை எண்ணச் சொல்கிறாள். பூரணம் சிரட்டையை நிரப்பி, தலைதட்டிக் கவிழ்க்கிறாள். "லாபம்... ரெண்டு... மூண்டு..." சூடு மிதித்த களத்தில் அவளுடைய அப்பா முதல் மரைக்கால் நெல்லை அப்படித்தான் சொல்லி அளப்பார். வித்தியாதரிசியின் பேனா நிற்கிறது. "ஒன்று எங்கே? முதல் எண்ணே தெரியாத பிள்ளையை எப்படி வகுப்பேற்றுவது?" ஜோசப்பினுக்குக் காது சுடுகிறது. "களத்துல அப்பிடித்தான் சேர் எண்ணுவாங்க." "இது களமில்லை, ரீச்சர்." பேனா மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஜோசப்பின் அவசரமாகக் குனிகிறாள். "ஒண்டு எண்டு சொல்லு மகள்." பூரணம் மாட்டேனென்று தலையாட்டுகிறாள். "ஒண்டு எண்டா நெல்லுப் பொலி குறைஞ்சிரும் ரீச்சர்." "இது வெறும் மணல்தானே புள்ள!" வாய்தவறி வந்துவிடுகிறது. பூரணம் மணலைப் பார்க்கிறாள். சுற்றியிருக்கும் எல்லாரும் பார்க்கிறார்கள். சிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்குகின்றன. வாவிக் காற்றில் குவியலின் உச்சி மெல்லச் சரிகிறது. "ஒண்டு," என்கிறாள் பூரணம். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை கொட்டாவி விடுகிறது.