கண்ணாடிச் சில்லில் ஒரு கூட்டம்

சிவகாசி ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில், சன்னல் வெயில் மேசை வரைக்கும் வந்து கிடக்கிறது. நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கும் மாரிசெல்விக்கு முதலில் தன் இமை மயிர்தான் பெரிது பெரிதாகத் தெரிகிறது. “ரொம்ப ஒட்டாதீகக்கா, கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே ஆய்வகத்துப் பெண் பியூலா நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்புகிறாள். மாரிசெல்வியின் புருசன் முனியராஜ் பக்கத்தில் வரவே மாட்டேன் என்கிறான். பட்டாசுக் கம்பெனியின் அலுமினியப் பொடி அப்பிய நகங்களைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, யாரோ கிழிக்க மறந்த காலண்டர் தேதியையே வாசித்தபடி நிற்கிறான். கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை வேண்டி மருந்தெல்லாம் அவள்தான் விழுங்கினாள். போன மாசியில்தான் அவன் சோதனைக்கு ஒத்துக்கொண்டான். அன்றைக்கு அவனுடைய விந்தணுக்கள் இதே கண்ணாடிக்கடியில் அசையாமல் கிடந்தன. பிறகு விதைப்பையில் புடைத்திருந்த நரம்புக்கு ஆபரேஷன் நடந்து, இன்றுதான் மறுபடி பார்க்கிறார்கள். வெளிச்ச வட்டம் தெளிகிறது. வால் முளைத்த பொடிசுகள் ஒன்றையொன்று முட்டி, விலகி, வளைந்து, பள்ளிக்கூடம் விட்டதுபோல ஓடுகின்றன. “ஏங்க, ஓடுதுங்க! எம்புட்டு ஓடுது!” என்று அவள் கத்துகிறாள். “நெசமாவா?” என்று ஓடிவந்தவன், “தள்ளு, நானும் பாக்குறேன்” என்று அவள் தோளை உலுக்குகிறான். அவள் நகர்வதாக இல்லை. பியூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மாரிசெல்வி கண்ணை எடுக்காமலே, “மெல்லப் போங்கடா, இடிச்சுக்கிட்டு விழுந்துறாதீக” என்று உள்ளே பார்த்து அதட்டுகிறாள்.